உள்ளுக்குப் போகாத மருந்து

இலவசக் கண் முகாம் நடத்தும் கமிட்டிக்காரர்களே, ராத்தாவின் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் கண் மருந்தை அவருடைய கையில் கொடுத்தவர்கள் நீங்கள்தான். பெயர் கேட்டீர்கள். அடையாள அட்டை கேட்டீர்கள். போத்தலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தீர்கள். நெஞ்சில் ஏதும் நோய், வருத்தம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

இப்போது மறுபடியும் முகாம் வைக்கப் போகிறீர்கள். சந்தியில் பெனர் கட்டியாகிவிட்டது. அதில் ராத்தாவின் படம். போத்தலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா, அல்லது தெரிந்துகொண்டுதான் அச்சடித்தீர்களா? பெண்களின் படத்தை வெளியில் போடக்கூடாது என்று மேடையில் முழங்குகிறவர்களும் உங்கள் கமிட்டியில்தான் இருக்கிறார்கள். அந்தப் படத்தைப் போட அவருடைய மகளிடம் ஒரு சொல் கேட்டீர்களா? அதையும் கேட்கவில்லை.

படத்தை விடுங்கள். அதே மருந்தை அதே மாதிரி, கேட்காமல், இன்னும் யார் யாருடைய கையில் கொடுக்கப் போகிறீர்கள்? என்னுடைய பயம் அதுதான்.

உங்களுக்கு அவர் ஒரு படம். அவர் யார் என்று நான் சொல்கிறேன். பெயரை எழுதமாட்டேன், மகள் வேண்டாம் என்றுவிட்டார். எழுதினாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் அவரைவிட மூத்தவர்கள்கூட அக்கா முறை வைத்து ராத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். இறந்துபோன பெண்களை, பெண் மையித்துகளை, அடக்க முன்னர் குளிப்பாட்டுகிற ராத்தா. கல்முனையில் இருந்து, மருதமுனையில் இருந்து, சில நேரம் பாலமுனையில் இருந்துகூட ஓட்டோ வந்து நிற்கும். அவர் குளிப்பாட்டுவார், நான் கூடப் போய்த் தண்ணீர் ஊற்றுவேன். பல வருடம் அப்படித்தான்.

ராத்தாவிடம் ஒன்றைச் சொன்னால் அது சொன்னபடி நடக்கும். கூடவும் செய்யமாட்டார், குறையவும் செய்யமாட்டார். இது நல்ல குணமா கெட்ட குணமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒருமுறை டெங்கு பரவிய நேரம் சுகாதாரப் பரிசோதகர் வந்து, தண்ணீர் நிற்கிற எதுவும் வளவுக்குள் இருக்கக்கூடாது, கவிழ்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்தா தன் வளவை முடித்தார். பிறகு ஒழுங்கையில் இறங்கினார். சிரட்டை, பூச்சாடித் தட்டு, உடைந்த வாளி எல்லாம் போயிற்று. கடைசியாக என் வீட்டுக் கோழிச் சட்டியையும் கவிழ்த்தார்.

"ராத்தா, அது கோழி தண்ணி குடிக்கிற சட்டிகா!"

"தண்ணி நிக்கிற எல்லாத்தையும் கவுக்கச் சொன்ன. கோழிட சட்டிய விடுங்க எண்டு அவர் சொல்லல்லயே."

"அப்ப கோழி என்னத்தக் குடிக்கும்?"

"அத அவரிட்டத்தான் கேக்கணும். எனக்கிட்ட ஏன் சண்டைக்கு வாறாய்?"

அடுத்த முறை பரிசோதகர் வந்தபோது அவரை மறித்து உண்மையிலேயே கேட்டார். கோழிக்கு மட்டும் விடலாம், ஆனால் தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து ராத்தா தினமும் என் வளவுக்குள் வந்து என் கோழிக்குத் தண்ணீர் மாற்றினார். நான் மாற்றியிருந்தாலும் மாற்றினார். அப்படிப்பட்ட ஆள்.

அவருடைய நெஞ்சு மெதுவாக அடிக்கிற நெஞ்சு. இது முகாமுக்கு வெகுகாலம் முன்பே தெரிந்த விஷயம். பிரஷருக்கு நீண்ட நாளாக ஒரு மாத்திரை, குளிசை, குடித்துவந்தார். பிறகு நடக்கும்போது களைப்பு வந்தது, கண் இருட்டியது. நான்தான் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த டொக்டர் ஒரு பெண்பிள்ளை. நெஞ்சுத் துடிப்பை வரைகிற படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் கதைத்தார்.

"ராத்தா, ஒங்கட நெஞ்சு மெதுவா அடிக்குது. நெஞ்சுக்குள்ள மெஷின் வைக்கிற அளவுக்கு இன்னும் வரல்ல. ஆனா நீங்க குடிக்கிற இந்தக் குளிசை பிரஷரையும் குறைக்கும், நெஞ்சையும் இழுத்துப் புடிக்கும். இந்த இனம் இனி ஒங்களுக்கு வேணாம். நெஞ்சத் தொடாத வேற இனம் தாறன்."

"அப்ப இவ்வளவு நாளும் குடிச்சது?"

"அப்ப நெஞ்சு தாங்கிச்சு. இப்ப தாங்காது. இனி ஆர் குளிசை தந்தாலும், எண்ட நெஞ்சு மெதுவான நெஞ்சு எண்டு முதல்ல சொல்லிப் போடுங்க. மறக்கப்படா."

குளிசையை மாற்றிய பிறகு களைப்புப் போனது. கண் இருட்டுவது நின்றது. ராத்தா பழையபடி ஓட்டோ ஏறினார். டொக்டர் சொன்னதை மறக்கவும் இல்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் சொன்னார். பாமசியில் சொன்னார். சில்லறைக் கடையில் தலையிடிக்குப் பெனடோல் வாங்கப் போனாலும், "மொதலாளி, எண்ட நெஞ்சு மெதுவான நெஞ்சு" என்றுதான் தொடங்குவார்.

கடைக்காரர் சிரித்துச் சாவார். "ராத்தா, பெனடோல் வாங்க வந்தீங்களா, மாப்புள கேட்டு வந்தீங்களா?"

"சொல்லச் சொன்ன, சொல்லிட்டன். ஒங்கட மூஞ்சிக்கு ஆர் மாப்புள கேப்பாங்க? பெனடோலத் தாங்க."

குளிசை யார் தந்தாலும் சொல்லச் சொன்னார்கள், சொன்னார். உங்கள் முகாமில் நீங்கள் அவருக்குக் குளிசை தரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது வீட்டுக்குள் பெண்கள் மட்டும் பார்த்த விஷயம். மையித்தைக் கிடத்தித் துணியால் மூடி, தண்ணீர் ஊற்றத் தொடங்க முன்னர் ராத்தா தன் உள்ளங்கையை அந்த நெஞ்சில் வைப்பார். வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். வெளியில் ஆண்கள் அவசரப்படுத்துவார்கள், குழி வெட்டியாகிவிட்டது, தொழுகைக்கு நேரமாகிறது என்று. ராத்தா கையை எடுக்கமாட்டார். இப்படி மார்க்கத்தில் எங்கும் சொல்லப்படவில்லையே என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"மார்க்கத்துக்காக இல்ல புள்ள. என்னயப் போல மெதுவா அடிக்கிற ஆளா இரிந்தா? ஒண்டு அடிச்சி, அடுத்தது அடிக்க முந்தி நாம தண்ணிய ஊத்திட்டா?"

அவர் சிரித்தார். தன் நெஞ்சைப் பற்றி அவருக்குப் பயமும் இருந்தது, பகிடியும் இருந்தது.

அவரைக் குளிப்பாட்டிய அன்று நான் கையை வைத்தேன். மகள் என் கைக்கு மேல் தன் கையை வைத்தார். வெளியில் இருந்து கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். என்னால் கையை எடுக்க முடியவில்லை. அடுத்தது அடிக்கும், அடுத்தது அடிக்கும் என்றே இருந்தது. இன்றைக்கும் சமைத்துக்கொண்டு நிற்கும்போது, துணி காயப்போடும்போது, என் உள்ளங்கை திடீரென்று குளிர்ந்து எதற்கோ காத்திருக்கிறது. கையை உதறினாலும் போகவில்லை.

முகாமுக்கு வருகிறேன். பாடசாலை மண்டபத்தில் வைத்தீர்கள். கொழும்பில் இருந்து டொக்டர்மார் வந்தார்கள், நல்ல மெஷின்கள் வந்தன. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். பலருக்குக் கண் தெளிந்தது. ராத்தா போனதற்குக் காரணம் இருந்தது. கொஞ்ச நாளாக ஓரத்தில் இருக்கிற பொருள் தெரியவில்லை, கையை நீட்டித் தட்டிவிட்டார். "கண்ணு தெரியாதவள மையித்துக்குக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வரிசையில் நின்றிருக்கிறார். கண்ணுக்குள் பிரஷர் கூடிவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். அதுவும் சரியான கண்டுபிடிப்புத்தான். பிறகு உங்கள் ஆள் ஒருவர் போத்தலைக் கொடுத்துச் சொன்னது இவ்வளவுதான். ராத்தா அதை வீட்டில் வந்து அப்படியே ஒப்புவித்தார்.

"காலைல ஒரு துளி, பின்னேரம் ஒரு துளி. ஒரு நாளும் விடப்படா. விட்டா பார்வ பெய்த்திரும்."

ராத்தாவிடம் போய், ஒரு நாளும் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

பாயில் மல்லாந்து படுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, இமையை விரலால் விரித்து ஊற்றுவார். துளி கன்னத்தில் வழிந்தால், "உள்ளுக்கு விழல்ல" என்று இன்னொன்று ஊற்றுவார். கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பு வரும். அதைத் தினமும் சொன்னார். "கண்ணுல ஊத்துறன், தொண்டைல கசக்குது. என்ன புதினமான மருந்துகா இது."

அப்போது ரமழான் நோன்பு வந்தது. கசப்பு அவருக்குப் பெரிய கவலையாகிவிட்டது. உடல்நலக் கவலை இல்லை, நோன்புக் கவலை. எங்கள் பள்ளிவாசல் மௌலவி ஹஸரத்துக்குத் தொலைபேசியில் எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹஸரத், கண்ணுக்கு மருந்து ஊத்தினா தொண்டைல கசக்குது. நோம்பு முறியுமா?"

"முறியாது ராத்தா. கண்ணு சாப்பாடு போற பாத இல்ல. வயித்துக்கு ஒண்டும் போறதில்ல. தொண்டைக்கு வந்தா துப்பிப் போடுங்க. பயமில்லாம ஊத்துங்க."

ராத்தாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். ஒழுங்கையில் கண் மருந்து ஊற்றுகிற மற்றவர்களுக்கும் போய்ச் சொன்னார். "பயப்படாதீங்க. அது உள்ளுக்குப் போறதில்லயாம்."

நோன்பைப் பற்றிக் கேட்டார்கள், ஹஸரத் நோன்புக்குப் பதில் சொன்னார். அந்தப் பதிலில் பிழை இல்லை. ஆனால் அன்றோடு எங்கள் ஒழுங்கையில் கண் மருந்து மருந்துக் கணக்கில் இருந்து விழுந்துவிட்டது. உள்ளுக்குப் போகாத ஒன்றை ஒருவரும் மருந்து என்று நினைப்பதில்லை.

அந்த நோன்பில் ராத்தா மெதுவானார். இரவுத் தறாவீஹ் தொழுகையை உட்கார்ந்து தொழுதார். ஒரு மையித்து வீட்டில் தண்ணீர் வாளியைத் தூக்க முடியாமல் வைத்துவிட்டு, ஒரு கதிரை கேட்டார். அவர் கதிரை கேட்டு நான் கண்டதில்லை. "நோம்புக் களைப்பு" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். பெருநாள் வந்தது, நோன்பு முடிந்தது, களைப்பு முடியவில்லை. பெருநாள் கழிந்த கையோடு குழாயடியில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் இந்த முறை நெஞ்சுப் படம் எடுத்த டொக்டர் வேறு ஆள், இளம் வயதுப் பையன். துடிப்பு மிகவும் குறைந்துவிட்டது என்றார். மகள் கொண்டுபோன குளிசைப் பையைக் கட்டிலில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுகள்ல ஒண்டும் நெஞ்ச மெதுவாக்குற இனம் இல்ல. வேற ஏதும் மருந்து பாவிக்கிறாவா?"

"இல்ல டொக்டர்" என்றார் மகள்.

"இல்ல மகன். கிளினிக்ல தந்ததுதான்" என்றார் ராத்தா. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அந்த டொக்டரும் கேட்காமல் விட்டவர் இல்லை.

பின்னேரம் ராத்தா கண்ணைத் திறந்து, "மகள், அஸர் ஆகிட்டு. கண்ணுக்கு ஊத்து" என்றார். மகள் கைப்பையில் இருந்து போத்தலை எடுத்து ஊற்றினார். தலைமாட்டில் மெஷின் துடிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் கட்டிலின் மறுபக்கம் நின்றேன். மருந்துத் தட்டோடு வந்த தாதி மிஸ்ஸி அதைப் பார்த்தபடியே கடந்து போனார். கண் துளிதானே.

அடுத்த நாள் காலை ஊற்றும்போது அந்த டொக்டர் வந்துவிட்டார். "என்ன அது?" என்று கையை நீட்டினார். போத்தலைத் திருப்பி வாசித்தார். அவருடைய முகம் மாறியது.

"இத ஆர் தந்த?"

"கேம்ப்ல தந்த."

"ஒங்கட கிளினிக் கொப்பியில நிப்பாட்டின எண்டு எழுதின குளிசை இரிக்கே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். டிமோலோல். கண்ணுல ஊத்தினா மூக்கு வழியா இறங்கி நேரா ரத்தத்துக்குப் போகும். ஊத்தினதும் கண்ணுட மூலய விரலால அமத்திப் புடிச்சிக்கிட்டு இரிந்தாலாவது கொஞ்சம் குறையும். அதயும் ஆரும் சொல்லித் தரல்லயா?"

ராத்தாவுக்கு அதெல்லாம் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. தன்னைக் குற்றம் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல. தலையைக் கஷ்டப்பட்டு உயர்த்தினார்.

"நான் ஒரு நாளும் விடல்ல டொக்டர். சொன்னபடி ஊத்தின."

அந்தப் பிள்ளை போத்தலைத் தன் சட்டைப் பைக்குள் போட்டார். "ஓம் உம்மா. நீங்க சரியாத்தான் செஞ்சிரிக்கீங்க" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நெஞ்சுக்கு மெஷின் பூட்ட அம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார்கள். அது வாசலுக்கு வந்து நின்றபோது ராத்தா மௌத்தாகிவிட்டார். ராத்தா கடைசியாகக் கதைத்தது தான் விடவில்லை என்பதைத்தான். அந்தக் குரல் எனக்குக் கேட்காத நாள் இல்லை.

டொக்டர் எங்களுக்கு நேர்மையாகச் சொன்னார். "இது மட்டும்தான் காரணம் எண்டு நான் சொல்ல மாட்டன். நெஞ்சு முந்தியே பழுதுதான். ஆனா இந்த நெஞ்சுக்கு இந்தத் துளியக் குடுத்திரிக்கப்படா. நெஞ்ச இப்பிடிப் புடிக்காத துளி வேற இரிக்கி. ஒரு கேள்வி கேட்டிரிந்தா அதக் குடுத்திரிக்கலாம்."

ஹஸரத் மூன்றாம் நாள் கத்தத்துக்கு ஓத வந்தவர் வாசலிலேயே நின்று, ஆட்கள் எல்லாரும் இருக்க மகளிடம் சொன்னார். "எனக்கிட்ட நோம்பக் கேட்டா, நோம்புக்குச் சொன்னன் மகள். தொண்டைல கசக்குதுண்டா எங்கயோ போகுதெண்டுதானே கருத்து. டொக்டரிட்டயும் கேளுங்க எண்டு நான் சொல்லியிரிக்கணும்." அதைச் சொல்லும்போது அவர் தலை குனிந்திருந்தது. அதற்குப் பிறகு கண் மருந்தைப் பற்றி யார் கேட்டாலும் இரண்டு பதிலையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

நீங்கள் வரவில்லை. அண்ணன் முறையில் காக்கா என்று நான் கூப்பிடுகிற உங்கள் தலைவர் வீட்டுக்கு நானே போனேன். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார், தேத்தண்ணி தந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறியது.

"தங்கச்சி, அல்லாஹ் தந்த ஆயுசு, அஜல் முடிஞ்சா ஆர் என்ன செய்ற?"

"அஜல் எனக்கும் தெரியும் காக்கா. எத்தின மையித்துக்குத் தண்ணி ஊத்தின கை இது. நான் கேட்டது, நெஞ்சு வருத்தம் இரிக்கா எண்டு நீங்க கேட்டீங்களா இல்லயா எண்டு."

"வந்தவங்க கொழும்பில பெரிய டொக்டர்மார். நீங்க என்ன படிச்ச?"

"எட்டாம் வகுப்பு. அதுல கேள்வி கேக்கப் படிப்பிச்ச."

"இப்பிடிக் கதைச்சித் திரிஞ்சா நாளைக்கு ஒருத்தனும் இந்த ஊருக்கு ஒதவி செய்ய வரமாட்டான். நல்ல காரியத்தக் கெடுக்காதீங்க."

கேள்வி கேட்டால் ஓடிப்போகிற உதவி எப்படிப்பட்ட உதவி என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

பின்னேரங்களில் கடல் காற்று ஏறும்போது சந்தியில் உங்கள் பெனர் உப்பி அடங்குகிறது. ராத்தாவின் படம் மூச்சு இழுத்து விடுவது போல இருக்கிறது. மெதுவாக இழுக்கிறது. நிற்கிறது. அடுத்தது வருமா என்று நான் கையில் மீன் பையோடு நின்று பார்க்கிறேன். மகள் அந்தச் சந்தியால் போவதை விட்டுவிட்டார். பேரப்பிள்ளைகளைச் சுற்று வழியால் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறார்.

உங்கள் போத்தல்கள் இன்னும் ஊருக்குள் வீடு வீடாக இருக்கின்றன. மெதுவான நெஞ்சுக்காரர் யார், இந்தத் துளி மூச்சையும் அடைக்கிற இழுப்பு வருத்தக்காரர் யார் என்று தெரியாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதை வாசித்துவிட்டு யாரும் பயந்து மருந்தை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் கண் போய்விடும். போத்தலை எடுத்துக்கொண்டு உடனே டொக்டரிடம் போங்கள், உங்கள் நெஞ்சைப் பற்றிச் சொல்லுங்கள், இது எனக்குச் சரியா என்று கேளுங்கள். கமிட்டி செய்யவேண்டிய வேலை இது.

கமிட்டிக்காரர்களே, முகாமை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைய முன்னர், உங்களில் ஒருவர் எழுந்து நில்லுங்கள். மேல் மாடியில் தொழுகிற பெண்கள் எங்களுக்கும் விளங்கும்படி மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். அந்தப் போத்தலைக் கொடுக்க முன்னர் ராத்தாவிடம் நெஞ்சைப் பற்றிக் கேட்டது உங்களில் யார்? கேட்டிருந்தால் அந்த ஆளின் பெயரைச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்று சொல்லுங்கள்.